ஆழ்கடலை அளக்கும் சப்தம்



மெக்சிக்கோ வளைகுடாவில் 2010-ம் வருஷத்தில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பெர்டிடோ என்னும் மேடை, சுமார் 2,400 மீட்டர் ஆழமுள்ள கடலில் மிதக்கிறது. அத்தகைய ஆழத்தில் எண்ணெய்க் கிணற்றின் வாய் ஓரிடத்திலும், எண்ணெயைச் சேர்த்தனுப்பும் சாதனத்தின் வாய் 30 மீட்டருக்கு அப்பாலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் இணைக்கும் இரும்புக் குழாயைக் கரையிலேயே அளவுப்படி செய்து கீழே இறக்க வேண்டும். அளவு பிசகினால் குழாய் பொருந்தாது. பலவந்தமாய்ப் பொருத்தினாலோ ஒரு நாள் விரிந்து எண்ணெய் கடலில் கலக்கும். மீனும் கெடும், மீனவர் பிழைப்பும் கெடும்.

அவ்வளவு ஆழத்தில் ஆள் இறங்கிச் சங்கிலி பிடிக்க முடியாது. சூரிய வெளிச்சம் எட்டாது. ரேடியோ அலையும் உப்புத் தண்ணீரில் சற்றுத் தூரத்திலேயே அடங்கிவிடும். பின் எதைக் கொண்டு அளப்பது? சப்தத்தைக் கொண்டுதான்.

1826-ல் கொலடோன், ஸ்டர்ம் என்ற இருவர் ஜெனீவா ஏரியில் ஒரு படகிலிருந்து தண்ணீருக்குள் மணியடித்து, அதே கணத்தில் வெடிமருந்தையும் கொளுத்தினார்கள். தூரத்துப் படகில் வெளிச்சம் கண்டதற்கும் மணி கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டு, தண்ணீரில் சப்தம் வினாடிக்குச் சுமார் 1,435 மீட்டர் போகிறதென்று கண்டார்கள். கடலில் இது சுமார் 1,500 மீட்டர்.

இன்று கப்பலிலிருந்து நடத்தப்படும் இயந்திரம் இரண்டு வாய்களிலும் சப்தக் கருவிகளைக் கொண்டுபோய் வைக்கிறது. ஒன்று கூப்பிட, மற்றொன்று பதில் சொல்கிறது. 30 மீட்டரைக் கடக்கச் சப்தத்துக்கு வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் போதும். நேரத்தை வேகத்தால் பெருக்கினால் தூரம் வந்துவிடுகிறது.

'வேகந்தான் புஸ்தகத்திலேயே இருக்கிறதே, அதைப் போட்டுக்கொண்டால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். அங்கேதான் மோசம் வரும். தண்ணீரின் சூடு, உப்பு, அழுத்தம் ஆகியவை மாறினால் வேகமும் மாறும். சூடு ஒரு டிகிரி பிசகினால் வேகம் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர் பிசகும். 30 மீட்டரில் அது 8 சென்டிமீட்டர் தவறாகும். ஆதலால் அந்த இடத்துத் தண்ணீரிலேயே வேகத்தை அளக்கிறார்கள். வாய்களின் ஆழத்தையும் சாய்வையும் தனித்தனியே அளக்கிறார்கள். இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்குமாகப் பலமுறை தூரத்தை அளந்து, கணக்கு ஒத்து வராவிட்டால் காரணத்தைத் தேடி மறுபடியும் அளக்கிறார்கள்.

தோழர்களே! அளந்தவர் எவ்வளவு பெரியவர், எத்தனை வருஷம் அனுபவமுள்ளவர் என்று அந்தக் குழாய் கேட்பதில்லை. அளவு சரியானால் பொருந்தும், இல்லாவிட்டால் பொருந்தாது. ஆகையால் கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பற்றி எவர் வந்து உங்களிடம் எதைச் சொன்னாலும், 'எப்படி அளந்தீர்? மறுபடி அளந்து பார்த்தீரா?' என்று கேளுங்கள் என்பதே நாம் வேண்டிக்கொள்வது.