ஈரம் பொறாத ஒரு சேர்மம்



அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி என்றதும் கலியுக வரதராசப் பெருமாள் திருக்கோயிலே பலருக்கும் நினைவுக்கு வரும். வேதியியல் பயில்வோர் நினைக்கத்தக்க இன்னொரு செல்வமும் அவ்வூருக்கு உண்டு, அது சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலின் சிப்பிகள் மண்டி இறுகிய பாறைக்கு நிலவியலார் அவ்வூரின் பெயரையே சூட்டியுள்ளனர். அக்கல்லைச் சூளையிலிட்டுச் சுட்டால் கிடைக்கும் நீறாத சுண்ணாம்பில் நீரை வார்த்தால் சீறும், கொதிக்கும், பொடியாகும். நீரை அத்துணை ஆவலுடன் பற்றும் பொருள் அது. இன்று நான் பேசவந்த சேர்மத்துக்கோ நீரே கொடும் பகை.

கார்பனோடு கார்பனைப் பிணைப்பது கரிம வேதியியலின் தலையாய பணி. அதற்குத் துத்தநாகச் சேர்மங்களை 1849-இல் பிராங்லாந்து என்னும் ஆங்கிலேயர் ஆக்கினார். அவை காற்றுப் பட்டாலே தீப்பற்றுவன. பிரான்சு நாட்டு லியோன் நகரப் பேராசிரியர் பார்பியே, 1899-இல் துத்தநாகத்துக்குப் பதிலாக மக்னீசியத்தை இட்டுப் பார்த்தார். பயன் ஒருமுறை கிட்டியது; மறுமுறை பொய்த்தது. அந்தச் சிக்கலைத் தம் மாணவர் விக்டர் கிரிக்னார்டிடம் ஒப்படைத்தார். (பிரெஞ்சுக்காரர் நாவில் அப்பெயர் 'கிரின்யார்' என ஒலிக்கும், நம் பாடநூல்கள் எழுத்தைப் பார்த்து எழுதிவிட்டன.) கிரிக்னார்டு கணிதம் பயில வந்தவர், அத்தேர்வில் ஒருமுறை தோற்றவர், வேதியியலுக்கு விருப்பமின்றியே வந்தவர்.

அவர் செய்த மாற்றம் யாது? ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரே வேளையில் கலந்தார். மாணவர் அதை இரண்டாகப் பிரித்தார். முதலில் உலர்ந்த ஈதரில் மக்னீசியச் சேர்மத்தை ஆக்கிக்கொண்டு, பிறகே மற்றப் பொருளைச் சேர்த்தார். 1900-இல் வெளியான இச்செய்திக்காக, 1912-இல் சபாத்தியே என்பவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

செய்முறையைக் கேளுங்கள். அடுப்பில் உலர்த்திய குடுவையில் மக்னீசியச் சீவல்களை இட்டு, ஈதரை ஊற்றி, எதில் புரோமைடைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடுப் படலமே தடை. அயோடின் துணுக்கு ஒன்றை இட்டால் படலம் குலையும், அயோடினின் பழுப்பு நிறம் மறையும், கரைசல் கலங்கும். பின்னர்த் தீயில்லாமலே ஈதர் கொதிக்கத் தொடங்கும். ஈதரின் கொதிநிலை ஏறத்தாழ 35 பாகை செல்சியசே. வினையின் வெப்பமே அதற்குப் போதும். ஈதர் ஆவி எளிதில் தீப்பற்றும். ஆகவே அறையில் எங்கும் தீ கூடாது. பொறுமையற்றோர் புரோமைடை ஒரேயடியாக ஊற்றிவிட்டு, அது பொங்கி வழியும்போது திகைப்பர்.

ஈதர் இங்கு வெறும் கரைப்பான் அன்று. அதன் ஆக்சிஜன் தன் எலெக்ட்ரான்களை ஈந்து மக்னீசியத்தைத் தாங்குகிறது. மக்னீசியத்தோடு இணைந்த கார்பனோ எதிர்மின் தன்மை பெற்று, ஆல்டிஹைடு, கீட்டோன் ஆகியவற்றின் கார்பனைத் தேடிச் சென்று பற்றுகிறது. பின்னர் நீர்த்த அமிலம் சேர்த்தால் ஆல்கஹால் கிடைக்கும். பார்மால்டிஹைடு ஓரிணைய ஆல்கஹாலையும், பிற ஆல்டிஹைடுகள் ஈரிணையத்தையும், கீட்டோன் மூவிணையத்தையும் தரும். இவ்வட்டவணையை மனனம் செய்யத் தேவையில்லை. வந்து சேரும் கார்பன் எது என்று எண்ணினால் விடை தானே வரும்.

ஆனால் நீர் இருந்தால் அந்தக் கார்பன் வேறெதையும் தேடாது. நீரின் ஹைட்ரஜனைப் பற்றி ஈத்தேன் வாயுவாகிப் பறந்துவிடும். 2.4 கிராம் மக்னீசியத்தால் ஆன வினைபொருள் முழுவதையும் அழிக்க 1.8 கிராம் நீர், அதாவது முப்பது நாற்பது துளி, போதும். மழைக்கால ஆய்வுக்கூடத்தில் அந்நீர் காற்றிலிருந்தே வந்து சேரும். ஆதலின் குளிர்விப்பானின் தலையில் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாயைக் காவல் வைப்பர். சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துப் பெறத்தக்க உப்பு அது. காவலுக்கான மூலப்பொருள் கல்லங்குறிச்சியில் உண்டு. மக்னீசியத்தின் தாதுவான வெள்ளைக்கல் சேலத்துக் கரடுகளில் உண்டு.

இவ்வாறு காத்த வினைபொருளால் ஆவன பல. புரோமோபென்சீனிலிருந்து ஆக்கியதை எத்திலீன் ஆக்சைடுடன் சேர்த்தால், ரோஜா மலரின் மணப்பொருள்களுள் ஒன்றான பினைல் எதில் ஆல்கஹால் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கும் தமாக்சிபென் என்னும் மருந்தை முதலில் ஆக்கிய முறையிலும் இதே பினைல் மக்னீசியம் புரோமைடு ஒரு படியாக அமைந்திருந்தது.