பூதத்தின் நினைவாற்றல்

இன்றைக்கு ஒரு பூதத்தின் கதை. பயப்படாதீர்கள், இது விஞ்ஞானப் பூதம். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1867-ல் ஒரு கடிதத்தில் கற்பனை செய்தது.

காற்று அடைத்த பெட்டி. நடுவே ஒரு தடுப்பு, அதில் குட்டிக் கதவு. கதவுக்குக் காவல் இந்தப் பூதம். வேகமான மூலக்கூறு வந்தால் வலப்பக்கம் விடும், மெதுவானதை இடப்பக்கம் அனுப்பும். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். செலவே இல்லை! இது நடந்தால், குளிரிலிருந்து சூட்டுக்கு வெப்பம் செலவில்லாமல் போகாது என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி காலி. ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் பில்லும் வராது.

எங்கே இடிக்கிறது? பூதம் தெரிந்துகொள்ளும் தகவலில்தான் சூட்சுமம் என்றார் லியோ சிலார்ட், 1929-ல். மூலக்கூற்றை அளப்பதற்கே செலவாகும் என்பது அவர் கணக்கு. அது முழுக்கச் சரியில்லை. 1961-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரால்ஃப் லாண்டவர், ஒரு பிட் தகவலை அழித்தால் கொஞ்சமாவது வெப்பம் வெளியேறியே தீரும் என்று காட்டினார். எவ்வளவு? சாதாரண அறை வெப்பநிலையில், ஒரு ஜூல் ஆற்றலைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி கோடியாகப் பிரித்தால் வருமே, அந்தத் துணுக்கைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

முடிச்சை அவிழ்த்தவர் அதே நிறுவனத்தின் சார்லஸ் பென்னட், 1982-ல். பூதத்தின் ஞாபகத்தில் இடம் தீர்ந்ததும் பழைய கணக்கை அழித்தாக வேண்டும். அப்போது சம்பாதித்ததெல்லாம் வட்டியோடு போய்விடும்.

2012-ல் பிரான்சின் லியோன் நகரில் லாண்டவரின் கணக்கைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். லேசர் ஒளியால் பிடித்த நுண்துகள் ஒன்றுதான் அங்கே பிட். நிதானமாக அழிக்க அழிக்க, வெளியேறிய வெப்பத்தின் சராசரி லாண்டவர் போட்ட கோடு வரைக்கும் இறங்கியது. அதைத் தாண்டவில்லை.