கார்ட்டில் மூணா, ரெண்டா?

இன்னிக்கு குளோபல் ஸ்டேட். ஒரு சொதப்பல் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு ஷாப்பிங் ஆப்ல, மேலே கார்ட் ஐகான் 3ன்னு காட்டும். உள்ளே போனா 2 பொருள்தான் இருக்கும். ஒரு அம்மா, பால் பவுடர் சேரலைன்னு நினைச்சு மறுபடி சேர்த்தாங்க. வீட்டுக்கு ரெண்டு டப்பா போயிடுச்சு.

காரணம் எளிமையானது. எண்ணிக்கை ஒரு ஸ்டேட், பட்டியல் இன்னொரு ஸ்டேட். ஒண்ணை அப்டேட் பண்ணிட்டு இன்னொண்ணை மறந்துட்டோம். "எல்லாத்தையும் ரிடக்ஸ்ல போட்டுடலாம்"னு சொன்னேன். டீம் லீட் சிரிச்சாங்க. "ரெண்டு காப்பியையும் ஒரே பெட்டியில வச்சா, ஒண்ணாயிடுமா தம்பி?"

2014ல ஃபேஸ்புக் ஃப்ளக்ஸை அறிமுகப்படுத்தினப்போ சொன்ன உதாரணமும் இதே மாதிரிதான்: படிக்காத சாட் மெசேஜ் எண்ணிக்கை தப்பாவே காட்டும், சரி பண்ணினாலும் திரும்ப வரும்.

நாங்க எண்ணிக்கை ஸ்டேட்டையே அழிச்சோம். பட்டியலிலிருந்து அப்பப்போ எண்ணிக்கிட்டோம். கார்ட்டோட உண்மையான சொந்தக்காரர் சர்வர். நம்மகிட்ட இருக்கிறது வெறும் நகல். அதனால ஒவ்வொரு மாற்றத்துக்கு அப்புறமும் சர்வர்கிட்ட பட்டியலை மறுபடி கேட்டு வாங்கினோம்.

இப்போ ஸ்டோர்ல எதையும் போடுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்பேன். இதுக்கு யார் சொந்தக்காரர்? வேற எதிலிருந்தாவது கணக்கிட முடியுமா? பல இடத்துல நிஜமாவே தேவையா? லாகின், தீம், மொழி எல்லாம் பொதுவுல இருக்கலாம். ஒரு மெனு திறந்திருக்கா, மூடியிருக்காங்கிறது அந்தக் காம்பொனென்ட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

உங்க ஸ்டோரை இன்னிக்கே ஒரு தடவை திறந்து பாருங்க. சேர்க்கிறதுக்கு இல்ல, அழிக்கிறதுக்கு!