பலூனை மேலே விடலாம், திரும்ப எடுக்கணுமே!

(தோட்டத்து மாலை வகுப்புப் பெற்றோர் கூட்டத்தில் கணித ஆசிரியர் பேசியது)



போன கூட்டத்திலே ஒரு அண்ணன் எழும்பி, "வாத்தியார், இந்தக் கணக்கைப் படிச்சு எம்மவன் என்ன செய்யப் போறான்? கொழும்புக் கடையில நின்னா மாசச் சம்பளமாவது வரும்" என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. இன்றைக்கு ஒரு பலூன் கதை சொல்லுகிறேன்.

2017 ஆகஸ்ட் 21ஆம் திகதி அமெரிக்காவிலே பூரண சூரிய கிரகணம். மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்த, 50க்கு மேற்பட்ட மாணவர் குழுக்கள் கிரகணப் பாதை நெடுக நின்று பலூன் விட்டார்கள். பூமியிலே ஓடும் நிலவின் நிழலை உயரத்திலிருந்து கமராவில் பிடிக்கவேண்டும். 2024 ஏப்ரல் 8 கிரகணத்துக்கும் மாணவர்கள் இப்படியே பலூன் விட்டார்கள்.

திருவிழாக் கடைப் பலூன் இல்லை இது. ஹீலியம் வாயு அடைத்தால் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் இறப்பர் பலூன். சுமார் 30 கிலோமீட்டர் ஏறும். நம்ம பீதுருதாலகாலை மலையைப் போலப் பன்னிரண்டு மடங்கு! மேலே காற்று குறையக் குறைய பலூன் ஊதிக்கொண்டே போய், இரண்டு லயக் காம்பராவுக்கு மேலே அகலமாகி, வெடித்துவிடும். பெட்டி பரசூட்டில் இறங்கும். அங்கே குளிர் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையையும் தாண்டும். பற்றரி செத்துப் போகாமல் இருக்கத்தான் ரெஜிபோம் பெட்டி.

ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோ தூக்கும். பெட்டிகள் எல்லாம் 12 இறாத்தலுக்குள் அடங்கணும். நிறுவை பிசகினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! இங்கே வாயு குறைந்தால் பலூன் மெதுவாக ஏறி எங்கேயோ போய்விடும். கூடினால் சீக்கிரமே வெடிக்கும்.

செக்கனுக்கு 5 மீட்டர் ஏறினால் 30,000 மீட்டருக்கு எவ்வளவு நேரம்? 6,000 செக்கன், அதாவது 100 நிமிடம். 2017இல் முழு இருட்டு எந்த இடத்திலும் மூன்று நிமிடம்கூட நிற்கவில்லை. அதனால் பின்னோக்கி எண்ணித்தான் பலூனை விடவேண்டும். பிந்தினால் சூரியன் காத்துக்கொண்டு இருக்குமா?

விடுவதைவிடக் கஷ்டம் தேடி எடுப்பது. கமராவிலே பதிந்த படம் பெட்டியோடு போனால் பல மாத உழைப்பும் போச்சு. எந்த உயரத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுது என்று பார்த்து, பெட்டி விழும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். வானொலிக் கருவி இடத்தைச் சொல்லிக்கொண்டே வரும். வாகனம் பின்னால் ஓடும். ஆனால் இடம் காட்டும் கருவிகளில் சில 18 கிலோமீட்டருக்கு மேலே வேலை செய்யாது. அதைத் தெரியாமல் வாங்கினால் தொலைந்தது. பெட்டி பிறத்தியார் காணியில் விழுந்தால் சொந்தக்காரரிடம் கேட்டுத்தான் உள்ளே போகணும். இதற்கெல்லாம் முதலிலேயே பலமுறை விட்டுப் பழகுகிறார்கள்.

நேற்று அந்த 100 நிமிடக் கணக்கை வகுப்பிலே கொடுத்தேன். அண்ணே, உங்க மகன்தான் முதலில் விடை சொன்னான். சொல்லிவிட்டு, "சேர், மரத்துல மாட்டிக்கிட்டா யாரு ஏறுறது?" என்று கேட்டான். நீளக் கம்பு கொண்டு போவார்கள் என்றேன். "கம்பு எதுக்கு? நான் ஏறுவேன்" என்கிறான்.

கணக்கு வகுப்பு செவ்வாயும் வியாழனும் ஆறு மணிக்கு. அவனை இப்போதைக்குக் கடைக்கு அனுப்பிடாதீங்க, அண்ணே.