முகப்பில் எழுத வேண்டுவது

சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்யும் என் தமையனார்க்கு இணையத்தளம் ஒன்று அமைத்துக் கொடுத்தேன். முகப்பு அழகாயிருந்தது, ஆயினும் கூகுளில் தேடுவோர் கண்ணில் அது படவில்லை. தறிகள் ஓய்ந்திருந்தன. காரணம் யாது? பக்கத்தின் தலைப்பு ‘முகப்பு’ என்ற ஒரு சொல்லே. ஊரும் பொருளும் படத்தினுள் அடங்கிக் கிடந்தன. தேடுபொறி முதன்மையாக நாடுவதோ எழுத்தை. பக்கத்தின் நிரலில் நான் மறைவாக அடுக்கிய குறிச்சொற்களும் வீணாயின; வரிசைப்படுத்துகையில் அவற்றைக் கருதுவதில்லை என்று கூகுள் 2009ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

‘சென்னிமலைக் கைத்தறிப் போர்வைகள்’ என்று தலைப்பிட்டேன். நூல், அளவு, விலை யாவற்றையும் எளிய சொற்களால் எழுதினேன். சில வாரங்களில் வெளியூர் அன்பர் ஒருவர் இரண்டு போர்வை கேட்டு எழுதினார். கடைப் பெயர்ப்பலகையில் விற்கும் பொருளைச் சொல்வதன்றோ நம் வழக்கம்? முகப்புக்கும் அதுவே முறை.