ஆயிரம் பேருக்கு எத்தனை படுக்கை?

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே" என்று சிலர் நினைக்கலாம். வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் நாம். நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி நாட்களில், சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 1946-ல் அது அறிக்கை கொடுத்தது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் ஆயிரம் பேருக்கு 0.24 படுக்கைதான். அதாவது 4,000 ஜனங்களுக்கு மேல் ஒரே ஒரு படுக்கை! அதைப் படிப்படியாக 5.67 ஆக உயர்த்தவேண்டும், கையில் காசில்லை என்பதற்காக எவருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்று அந்தக் கமிட்டி சொல்லிற்று. சொன்னவர்கள் புரட்சிக்காரர்கள் அல்ல. சர் பட்டம் வாங்கியவரின் கமிட்டி!

பிறகு என்ன நடந்தது? 2019-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 7 லட்சத்துச் சொச்சம் படுக்கைகள். ஆயிரம் பேருக்குச் சுமார் அரைப் படுக்கை. தனியார் படுக்கைகளையும் சேர்த்தால் தொகை கூடும், மெய்தான். ஆனால் அங்கே முதலில் பணம், பிறகுதான் படுக்கை. 2017-ம் வருஷத்துச் சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கே ஆயிரத்துக்கு 2. போர் கமிட்டி கேட்டதில் பாதிகூட இல்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1971-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் மாண்டன. 2020-ல் அது 28. பெரியம்மை 1975-க்குப் பிறகு தலைகாட்டவில்லை. 2014-ல் போலியோ ஒழிந்த நாடு என்று பெயர் வாங்கினோம். எப்படி முடிந்தது? ஊசியும் சொட்டு மருந்தும் காசு கேட்காமல் வீட்டு வாசலுக்கு வந்தன, முடிந்தது.

இப்போது வியாதியின் ஜாடை மாறிவிட்டது. சர்க்கரையைப் பணக்காரன் வியாதி என்று நாமே கேலி பேசினோம். இன்று களையெடுக்கிற பெண்ணுக்கும் அது இருக்கிறது. ஒரு ஊசியோடு தீராது. ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும். 2018-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த காப்பீட்டு அட்டை, ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் செல்லும். மாதாமாதம் வாங்குகிற மாத்திரைக்குச் செல்லாது. கால் அழுகிய பிறகு வா என்பது வைத்தியமா?

மில் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதிலும் 2019 ஜூலையில் முதலாளியின் பங்கை 4.75 சதவீதத்திலிருந்து 3.25 ஆகக் குறைத்தார்கள். நம் பங்கும் 1.75-லிருந்து 0.75 ஆகக் குறைந்தது. நாலு காசு மிச்சம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய பணமல்லவா சுருங்கிற்று! வயலில் உழைப்பவருக்கோ அந்த இ.எஸ்.ஐ.யும் இல்லை.

ஆகவே மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே மனுவாகக் கேட்கிறோம்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் நர்ஸ் இருக்கவேண்டும், மாதம் முழுவதற்கும் மாத்திரை கொடுக்கவேண்டும். கையெழுத்துத் தாள்கள் மேடைக்குப் பக்கத்து மேஜையில் இருக்கின்றன.