நாற்காலிக்கு வாடகை

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை காலை டிபன் பத்திப் பேசப்போறேன். டிபன்னுதான் சொல்றேன், ஆனா இதுல பாதிக் கதை ‘பிரஞ்ச்’ பத்தினது.

பிரஞ்ச்ங்கற வார்த்தைக்கு வயசு நூறுக்கு மேல ஆகுது. 1895-ல இங்கிலாந்துல கை பெரிங்கர்னு ஒரு எழுத்தாளர் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ங்கற பத்திரிகையில அதைப் பத்தி எழுதினார். சனிக்கிழமை ராத்திரி லேட்டா தூங்கினவனை காலையில எழுப்பாதீங்க, மெதுவா எழுந்து ரெண்டு வேளைச் சாப்பாட்டையும் சேர்த்து, நாலு பேரோட பேசிக்கிட்டே சாப்பிடட்டும்னு கேட்டுக்கிட்டார். நியாயமான கோரிக்கைதான்.

நாங்களும் நாலு பேர். 2003-ல நான் சென்னைக்கு வந்தப்போ திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல தங்கினேன். மேன்ஷன்ல யாருக்கும் பேர் கிடையாது, ஊர்தான் பேர். தேனி, ஆரணி, கோவில்பட்டி, அப்புறம் நான். மத்த நாள்ல மெஸ். ஞாயித்துக்கிழமை மட்டும் ரத்னா கஃபே. 1948-ல இருந்து இருக்கற கடை. இட்லி மேல சாம்பாரை ஊத்தமாட்டாங்க, மூழ்கடிப்பாங்க. இட்லி சாம்பார்ல மிதக்கணும், அப்புறம் ஸ்பூனால உடைக்கணும். அது ஒரு மரியாதை.

அப்ப எங்க நாலு பேர்ல ஒழுங்கா சம்பளம் வாங்கினது கோவில்பட்டி மட்டும்தான். பிரஸ்ல ப்ரூஃப் பார்க்கற வேலை. நான் வேலையில்லாம இருந்த அஞ்சு மாசம் மெஸ் நோட்டுல என் கணக்கும் அவன் பேர்லதான் ஓடுச்சு. ஒரு தடவைகூட அவன் அதைப் பத்திப் பேசினதில்ல. இதை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

எல்லாருக்கும் கல்யாணம் ஆச்சு, ஆளுக்கொரு பக்கம் வீடு மாறினோம். ஆனா மாசத்துல முதல் ஞாயிறு சந்திக்கறது மட்டும் விடல. ரெண்டு வருஷம் முன்னாடி தேனிக்கு பெரிய ப்ரமோஷன். “எத்தனை நாளைக்குடா, பின்னாடி ஒருத்தன் நின்னு எப்ப எழுந்திருப்பான்னு பார்க்க பார்க்க சாப்பிடறது?”ன்னு கேட்டான். அவன் சொன்னதும் சரிதான். ஞாயிறு காலையில திருவல்லிக்கேணி டிபன் கடையில காபி டம்ளரை கீழ வைக்கறதுக்குள்ள அடுத்த ஆள் நாற்காலி முதுகுல கை வச்சுடுவார்.

அதனால நுங்கம்பாக்கத்துல ஒரு பழைய வீட்டை மாத்திக் கட்டின கஃபேக்குப் போக ஆரம்பிச்சோம். அழகான இடம்தான், பொய் சொல்லக்கூடாது. முற்றத்துல மரம், மர நாற்காலி, 11 மணிக்குப் போய் 2 மணிக்கு எழுந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. முட்டையே எட்டு விதம்.

பில் மட்டும் சொல்றேன். ஆளுக்கு 1,350, நாலு பேருக்கு 5,400. அதுமேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், 540. மொத்தத்துக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, 297. ஆக 6,237. தேனி போனை எடுத்து நாலால வகுத்து, “ஆளுக்கு 1,560 அனுப்பிடுங்கடா”ன்னான். அனுப்பினோம். (நடுவுல ஒண்ணு: சர்வீஸ் சார்ஜை ஹோட்டல்காரங்க தானா பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிடுச்சு. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நாங்க கேட்கல. அந்த இடத்துல கேட்க வெட்கமா இருந்தது.)

மூணாவது மாசம் கோவில்பட்டி வரல. ஊர்ல வேலைன்னான். அடுத்த மாசம் பாப்பாவுக்குக் காய்ச்சல். அதுக்கடுத்து மறுபடியும் ஊர். நாங்க என்ன நினைச்சோம்? ‘மாறிட்டான்டா’ன்னு நினைச்சோம். முட்டையைச் சாப்பிட்டுக்கிட்டே பேசினோம்.

அப்புறம் ஒரு ஞாயிறு, எங்க நாள் இல்லாத வேற ஞாயிறு, வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை ரத்னா கஃபேக்குக் கூட்டிட்டுப் போனேன். மூலை டேபிள்ல கோவில்பட்டி, பக்கத்துல அவன் பொண்ணு. பாப்பாவுக்கு சாம்பார்ல இட்லியை உடைச்சுக் குடுத்துக்கிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னுட்டான். இருபது வருஷ சிநேகிதன், ஆபீஸ்ல மேனேஜரைப் பார்த்த மாதிரி எழுந்து நிக்கறான்.

வெளிய வந்து நிதானமா சொன்னான். “உங்க கூட வரக்கூடாதுன்னு இல்ல மச்சான். பாப்பா ஸ்கூல் வேனுக்கு மாசம் 1,800. ஒரு வேளை டிபனுக்கு கிட்டத்தட்ட அதே காசு. எப்படிடா சொல்றது?”

நான் உடனே, “அட, உன் பங்கை நான் குடுத்துடறேன்டா”ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தப்புன்னு தெரிஞ்சது. அவன் முகம் மாறிடுச்சு. என் மெஸ் கணக்கை அஞ்சு மாசம் கட்டினவன், ஒரு தடவைகூட ‘நான் குடுத்துடறேன்’ங்கற வார்த்தையைச் சொன்னதில்ல. நோட்டுல எழுதிட்டுப் போயிடுவான், அவ்வளவுதான்.

தேனிகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், “நாம அங்க காசு குடுக்கறது முட்டைக்கு இல்லடா, நாற்காலிக்கு”ன்னான். மூணு மணி நேரம் யாரும் எழுப்பாம உட்காரணும்னா அதுக்கு வாடகை இருக்கு.

இப்ப என்ன பண்றோம்னா, காலை 6:30-க்கே திருவல்லிக்கேணியில கூடிடறோம். சாம்பார் இட்லி, காபி, இருபது நிமிஷத்துல எழுந்துடறோம். பேச்சுக்கு மெரினா. நடந்தே போயிடலாம், நாற்காலிக்குக் காசு இல்ல. பெரிங்கர் கேட்ட தூக்கம்தான் போச்சு, தேனி கொட்டாவி விட்டுக்கிட்டே வர்றான். பில்லை வகுக்கறது கிடையாது, மாசத்துக்கு ஒருத்தர். போன மாசம் கோவில்பட்டி முறை, யாரும் தடுக்கல. ரெண்டாவது காபி வேற வாங்கிக் குடுத்தான்.

ஆரணிக்கு மட்டும் இதுல சம்மதம் இல்ல. அவனுக்கு முழங்கால் வலி, மணல்ல நடக்க முடியல, சித்திரை வெயில்ல 8 மணிக்கு மேல மெரினாவுல யாரும் நிக்கவும் முடியாது. அவன் சார்பா ஒரு வேண்டுகோள்: திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் நாலு பேர் ஃபேனுக்குக் கீழ ஒரு மணி நேரம் காபியோட உட்கார விடற கடை ஏதாவது தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. சர்வீஸ் சார்ஜ் இல்லாத கடையா பார்த்துச் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.